பரங்கிமலையை வரையச் சொன்னார்கள். பாதிப் பேர் வேறேதோ மலையை வரைந்திருக்கிறார்கள்

திரிசூலம் பாஸஞ்சர் · சனி, இரவு 9:40

நங்கநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடக்கும் ஓவியக் கண்காட்சிக்கு இன்று போயிருந்தேன். இந்தப் பக்கத்துக் குடியிருப்புச் சங்கங்கள் நாலைந்து சேர்ந்து நடத்துவது. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் மலைகளை யார் வேண்டுமானாலும் வரைந்து கொடுக்கலாம், வயது வரம்பு கிடையாது, எதையும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று இரண்டு மாதமாக வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அதுதான். படம் மாட்ட ஆள் வேண்டும் என்றார்கள் என்று நேற்று சாயங்காலமும் போனேன். சணல் கயிறு இழுத்துக் கட்டி, பைண்டர் கிளிப் போட்டு மாட்டியதில் கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது.

சென்னையில் மலையா என்று வெளியூர் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறித் தாம்பரம் போகிறவனைக் கேட்டால் தெரியும். மீனம்பாக்கம் தாண்டியதும் இடது பக்கம் மலை, வலது பக்கம் விமானம். எல்லோரும் வலது பக்கம்தான் பார்ப்பார்கள். பதினாறு வருஷமாக நானும் அப்படித்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாட்டியதில் பாதிக்கு மேல் ஒரே படம். இரண்டு பச்சை முக்கோணம், நடுவில் சூரியன், அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஆறு, அதில் ஒரு படகு, ஓரமாகத் தென்னைமரம், வானத்தில் டிக் மார்க் மாதிரி நாலு காக்கா. பரங்கிமலையிலிருந்து எந்த ஆறு இறங்குகிறது? அடையாறு பாவம், அது பாட்டுக்கு வடக்கே போகிறது.

எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, மொட்டைமாடிக் கொடியில் பள்ளிச் சீருடைகள் காய்கின்றன. இரண்டு பாவாடைக்கு நடுவே இத்துனூண்டு மலை. மலை மேல் இருக்கும் தேவாலயம், கொடியில் மாட்டிய துணிக் கிளிப் அளவுகூட இல்லை. இன்னொன்று, ஆறாவது படிக்கும் பையன் வரைந்தது. ரயில் ஜன்னல் கம்பிகளை முதலில் கறுப்பாகப் போட்டுவிட்டு, அந்த இடைவெளிகளுக்குள் மலையைத் துண்டு துண்டாக வரைந்திருக்கிறான். ஒரு துண்டில் மலைக்குப் பதில் எதிரே நிற்கும் ஆளின் முழங்கை. அந்த லைனில் தினமும் போகிறவனால்தான் அது முடியும்.

வருத்தம் என்னவென்றால், கல்குவாரிக் குழிகளை வரைந்த ஆறு படங்கள் இருந்தன. அவற்றை நான் முன்சுவரில்தான் மாட்டினேன். இன்று போய்ப் பார்த்தால் பின்சுவரில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அதிலும் ஒன்று, முழு சார்ட் பேப்பரையும் கரியால் அப்பியது. மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வெள்ளை விட்டிருக்கிறது. கறுப்பின் மேல் சீரான இடைவெளியில் மேலிருந்து கீழாக வெளிர்க் கோடுகள். மழை போல என்று நினைத்துக்கொண்டேன். பெயர்ச் சீட்டில் பென்சிலால் 'மலை' என்று மட்டும் எழுதியிருந்தது. "சின்னக் குழந்தை கிறுக்கியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு அம்மா கை கழுவினார். எனக்கு ஏனோ அதை விட்டு நகர முடியவில்லை.

போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்களுக்கு எப்படி இருந்தது?

---

நீர்வண்ணம் · சனி, இரவு 10:15

போனேன். அந்தப் பச்சை முக்கோணங்களில் ஏழெட்டு என்னிடம் படிக்கும் பிள்ளைகளுடையது. ஆகவே கொஞ்சம் வக்காலத்து வாங்கிக்கொள்கிறேன்.

பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை அண்ணா. மூன்றாம் வகுப்பு டிராயிங் நோட்டில் 'இயற்கைக் காட்சி' என்றால் அந்தப் படம்தான். அதைப் பார்த்து வரைந்தால் பத்துக்குப் பத்து, ஜன்னலைப் பார்த்து வரைந்தால் 'நேர்த்தியில்லை'. ஏழு வருஷம் அப்படி மார்க் வாங்கிய கை, மலை என்றதும் முக்கோணம்தான் போடும்.

நான் இந்தத் தடவை பிள்ளைகளை எங்கள் அப்பார்ட்மென்ட் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். ஒரு பெண், அருகிலேயே மலை நிற்க, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முக்கோணம் போட்டாள். திரும்பிப் பாரேன் என்றேன். திரும்பிப் பார்த்துவிட்டு, "மிஸ், அது மலை மாதிரி இல்லையே" என்றாள். நியாயம்தானே? பரங்கிமலை உயரம் சுமார் 300 அடி. கூம்பு கிடையாது. கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி ஒரு மேடு, மேலே மரங்கள், கட்டடம், கீழே வீடுகள் வந்து மூடிவிட்டன.

உண்மையான சிரமம் நிறம். பாட்டிலில் இருக்கும் பச்சையை அப்படியே எடுத்தால் பிளாஸ்டிக் மாதிரி நிற்கும். அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் சியென்னாவைக் கலந்து பாருங்கள் என்றேன். நீலம் தூக்கலாக இருந்தால் மழைக்கு முந்தைய பாறை, பழுப்பு தூக்கலாக இருந்தால் மே மாதத்துப் பாறை. அந்த ஒரு கலவையிலேயே பல்லாவரம் வரை போய்விடலாம்.

---

ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் · சனி, இரவு 10:52

அந்த ஆலோசனையில்தான் கோளாறு அம்மா. கண்காட்சியில் பாதிப் பேர் மலையை நீலமாகப் பூசியிருக்கிறார்கள். நீலமலை ஊட்டியில் இருக்கிறது. நான் ஆதம்பாக்கத்தில் 41 வருஷமாகக் குடியிருக்கிறேன். நம் மலை பழுப்பு. துரு ஏறிய இரும்புத் தகடு மாதிரி. வேண்டுமானால் பைனாகுலர் எடுத்து வருகிறேன்.

---

ஜல்லி லாரி · சனி, இரவு 11:03

சார் சொல்வது தப்பு. நான் பில்டிங் வேலை எடுத்துச் செய்கிறவன். அந்தக் கல்லை உடைத்தால் நீலம். அதனால்தான் ஜல்லிக்கே புளூ மெட்டல் என்று பெயர். லோடு வந்து இறங்கும்போது தண்ணீர் அடித்துப் பாருங்கள், கருநீலமாக மின்னும்.

---

ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் · சனி, இரவு 11:10

மலையைத்தானே வரையச் சொன்னார்கள், லாரி லோடை இல்லையே.

---

பாறைப் பைத்தியம் · ஞாயிறு, காலை 6:30

ராத்திரியெல்லாம் சண்டையா? இரண்டு பேர் சொல்வதும் சரி. நான் புவியியல் படித்தவள், இதற்காகவே காத்திருந்த மாதிரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கல்லுக்குப் பெயர் சார்னோக்கைட். அதில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் என்று கனிமங்கள் இருக்கின்றன. மற்ற இடங்களில் பளிங்கு மாதிரி வெள்ளையாக இருக்கும் குவார்ட்ஸ், இதில் நீலச் சாயலோடு இருக்கும். ஃபெல்ஸ்பாரும் மங்கலாகப் பச்சை கலந்த சாம்பல். எல்லாம் சேர்ந்து எண்ணெய் தடவிய மாதிரி ஒரு கருநீலம். உடைத்த புது முகத்தில் அதுதான் தெரியும். வெயிலிலும் மழையிலும் கிடந்தால் ஹைப்பர்ஸ்தீனில் உள்ள இரும்பு துருப் பிடித்து மேல்பாகம் பழுப்பாகும். சார் பார்ப்பது தோல். ஜல்லி லாரி அண்ணன் பார்ப்பது சதை.

வயது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பூமிக்குள் பல மைல் ஆழத்தில், தண்ணீர்ப் பசையே இல்லாத கடும் சூட்டில் வெந்து உருவான கல். மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போனதால் இது இன்று வெளியே நிற்கிறது. அது வெளியே வந்து நின்ற இடத்தில் நாம் பைக் ஸ்டாண்டு போட்டிருக்கிறோம்.

பெயர்க் கதை இன்னும் வேடிக்கை. ஜாப் சார்னாக் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர், 1690-ல் கல்கத்தாவில் கம்பெனிக் குடியேற்றத்தைத் தொடங்கியவர். அவருடைய கல்லறைக் கல் நம் பக்கத்துக் கல். அதை ஆராய்ந்து 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். பரங்கிமலையில் இருக்கும் இந்தப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

---

கடலோரக் கவிஞன் · ஞாயிறு, காலை 7:05

ஆக, கல் நம்முடையது, பிணம் அவருடையது, பெயரும் அவருடையது. நல்ல வியாபாரம்.

---

ஆலந்தூர் ஆறுமுகக்கடவுள் · ஞாயிறு, காலை 7:40

பெயர் என்று வந்ததால் சொல்கிறேன். பரங்கிமலை என்று எழுதுவதே தவறு. பிருங்கி முனிவர் தவம் செய்த பிருங்கி மலை அது.

---

கடலோரக் கவிஞன் · ஞாயிறு, காலை 7:48

போர்த்துக்கீசியர் 1523-ல் மேலே தேவாலயம் கட்டினார்கள். பரங்கியர் மலை, பரங்கிமலை. முடிந்தது.

---

ஆலந்தூர் ஆறுமுகக்கடவுள் · ஞாயிறு, காலை 7:50

அதற்கு முன்னால் மலைக்குப் பெயரே இல்லையா?

---

மட்டுறுத்துநர் · ஞாயிறு, காலை 8:20

பெயர்ச் சண்டைக்கு ஏற்கனவே 212 பதிவு ஓடிய தனி இழை இருக்கிறது. இதற்குக் கீழே வந்த 9 பதிவுகளை அங்கே நகர்த்திவிட்டேன். இங்கே ஓவியம்.

---

ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் · ஞாயிறு, காலை 9:30

பாறைப் பைத்தியம் அம்மாவுக்கு நன்றி. தோல், சதை என்று சொன்னது மனதில் பதிந்துவிட்டது. காலையில் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். திரிசூலம் பக்கம் வெட்டிய இடம் மட்டும் நீலமாகத்தான் இருக்கிறது. 41 வருஷம் வெட்டாத பக்கத்தையே பார்த்திருக்கிறேன் போல.

வேறொன்று தோன்றியது. வேலை பார்த்த காலத்தில் சர்வே மேப்போடு மல்லுக்கட்டியவன் என்பதால் இந்தக் கதை எனக்குக் கொஞ்சம் பழக்கம். இந்தியாவையே அளந்த பெரிய முக்கோணவியல் அளவை இங்கேதான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பரங்கிமலைப் பக்கம் அடிக்கோட்டை, அதாவது முதல் முக்கோணத்தின் அடிப்பக்கமான நேர்கோட்டை, அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை கிடத்தி எடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணத்துக்கு முக்கோணம் ஒட்டிக்கொண்டே போய்த்தான் இமயமலைச் சிகரங்களின் உயரம் வரை கணக்குப் போட்டார்கள்.

ஆக, இந்த மலையில் ஏறியவர்கள் எல்லோரும் வேறு எதையோ பார்க்கத்தான் ஏறியிருக்கிறார்கள். லாம்ப்டன் ஆட்கள் தூரத்துக் குன்றைப் பார்த்தார்கள். நாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியேறி ரன்வேயில் விமானம் இறங்குவதைக் காட்டினோம். அந்தப் படிக்கட்டுக்கே ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான்தான் காசு போட்டார் என்பார்கள். சைதாப்பேட்டை மர்மலாங் பாலம் கட்டியவர். மலையைப் பார்க்க மலை ஏறக் கூடாது என்பது இந்தக் கண்காட்சி வந்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது.

(பச்சை முக்கோணம் போட்ட பிள்ளைகளும் ஒரு வகையில் லாம்ப்டன் வாரிசுகள்தான்.)

---

கமிட்டியில் ஒருவன் · ஞாயிறு, காலை 11:15

வணக்கம். பின்சுவருக்கு மாற்றியது எங்கள் கமிட்டி. காரணம் சொல்லிவிடுகிறேன். முன்சுவருக்கு எதிரே மேற்கு ஜன்னல். மாலை வெயில் நேராக விழுகிறது. கரி, பேஸ்டல் வேலைகளுக்கு அது ஆகாது. அதனால் உள்ளே கொண்டுபோனோம். வேறு உள்நோக்கம் இல்லை.

---

திரிசூலம் பாஸஞ்சர் · ஞாயிறு, காலை 11:22

சார், அந்த ஆறில் நாலு போஸ்டர் கலர். ஒன்று ஆயில். கரி ஒன்றே ஒன்று. வெயில் படும் என்றால் நீர்வண்ணப் படங்களை அல்லவா முதலில் நகர்த்தியிருக்க வேண்டும்? அவை அங்கேயே இருக்கின்றன, பச்சையாக.

---

கமிட்டியில் ஒருவன் · ஞாயிறு, பகல் 12:40

சரி, முழுவதையும் சொல்கிறேன். திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர்கள், பெற்றோர்கள் எல்லோரும் உள்ளே நுழைந்ததும் எதிரே ஆறு குழி. ஒருவர் என்னிடம், "நம்ம ஏரியாவோட அழகைக் காட்டச் சொன்னா, புண்ணைக் காட்டறீங்களே" என்றார். மண்டப வாடகையில் பாதி அவர் கொடுத்தது. எனக்கு அந்த நேரத்தில் வாக்குவாதம் செய்யத் தெம்பில்லை. நானும் இன்னொருவரும் பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டோம். எதையும் எடுத்துவிடவில்லை என்பதை மட்டும் கவனிக்கவும்.

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்றே இப்போதும் நினைக்கிறேன். குடும்பத்தோடு வருகிற நிகழ்ச்சி. குழியைப் பார்க்க யாரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருவதில்லை.

---

ஜல்லி லாரி · ஞாயிறு, பகல் 1:05

சார், கோபப்படாமல் கேளுங்கள். அந்தக் குழியில் இருந்த மலை எங்கே போனது? நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை என்று இந்தப் பக்கம் வீடு கட்டினபோது ஜல்லி எங்கிருந்து வந்தது? திரிசூலம், பல்லாவரம், பம்மல் குவாரிகளிலிருந்து. அஸ்திவாரத்துக்குக் கருங்கல், கூரைக்கு முக்கா இஞ்ச் ஜல்லி. நீங்கள் கண்காட்சி வைத்த மண்டபத்தின் தூணைத் தட்டிப் பாருங்கள், மலை உள்ளேதான் இருக்கும். மலையை முழுங்குகிற மகாதேவனுக்குக் கதவு சுண்டாங்கி என்பார்கள். நாம் எல்லோரும் முழுங்கினோம். நானும் இருபது வருஷம் லோடு அடித்திருக்கிறேன், மறைக்கவில்லை. குழியைப் பார்த்தால் மட்டும் ஏன் முகத்தைத் திருப்புகிறோம்?

---

தண்ணீர் லாரி டோக்கன் · ஞாயிறு, பகல் 1:30

புண் என்று சொன்ன பெரியவர் 2019 கோடையில் எங்கே இருந்தார்? ஏரி எல்லாம் வறண்டு, நான் ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றேன். அப்போது குன்றத்தூர்ப் பக்கம் சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கியிருந்த தண்ணீரை இறைத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பினார்கள். 2017-லும் அதே கதை. குழியைக் குடித்திருக்கிறோம் சார்.

---

காக்காய்ப் பார்வை · ஞாயிறு, பகல் 2:10

குழிக்கு இன்னொரு சாட்சி. நன்மங்கலம் காப்புக்காட்டில் பழைய குவாரிப் பாறை விளிம்பில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. சென்னைப் பறவை பார்ப்பவர்களுக்கு அது யாத்திரைத் தலம் மாதிரி. ஆனால் நீந்தலாம் என்று எந்தக் குவாரிக் குட்டையிலும் இறங்கிவிடாதீர்கள். விளிம்பிலிருந்து ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்குத் தரையே இருக்காது. வருஷா வருஷம் பிள்ளைகள் போகிறார்கள்.

---

நீர்வண்ணம் · ஞாயிறு, மாலை 5:45

இன்று திரும்பவும் போய் அந்தக் கரிப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். பாஸஞ்சர் அண்ணா, குழந்தை கிறுக்கியது கிடையாது அது. கறுப்பு ஒரே அழுத்தத்தில் இல்லை. மேலே கரியைப் படுக்கப் போட்டு இழுத்திருக்கிறார்கள், கீழே போகப் போக நுனியால் குத்தி அழுத்தியிருக்கிறார்கள். அடியில் பேப்பரின் சொரசொரப்பே தெரியாத அளவுக்குக் கறுப்பு. அந்த வெளிர்க் கோடுகள் சாக்பீஸ் இல்லை, ரப்பரால் அழித்து எடுத்தவை. முழுவதும் கறுப்பாக்கிவிட்டு அதிலிருந்து வெளிச்சத்தைத் தோண்டி எடுப்பது. கல்லூரியில் எங்களுக்கு இரண்டாம் வருஷம்தான் இது சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆனால் மழையா என்பதில் எனக்குச் சந்தேகம். மழை இவ்வளவு நேராகப் பெய்யாது. கோடுகள் எல்லாம் ஒரே உயரத்தில் தொடங்குகின்றன, கொஞ்ச தூரம் வந்து நின்றுவிடுகின்றன, அதற்குக் கீழே அடுத்த வரிசை. வரைந்தவர் யாரென்று கமிட்டியில் தெரியுமா?

---

கமிட்டியில் ஒருவன் · ஞாயிறு, மாலை 6:20

படிவத்தில் பெயரும் வயது 67 என்பதும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் இங்கே பெயர் போட முடியாது. ஒரு பெண் வந்து சுருட்டிய பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

---

வாசகி மட்டும் · ஞாயிறு, இரவு 10:30

வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். அந்தப் பேப்பரைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தவள் நான். வரைந்தது என் அம்மா.

அது மழை இல்லை. தமர்.

பாறையில் வெடி வைப்பதற்கு முன் வரிசையாகத் துளை போடுவார்கள். அந்தத் துளைக்குத் தமர் என்று பெயர். மருந்து கெட்டித்து வெடித்ததும் பாறை அந்தத் துளைகள் வழியாகப் பிளந்து விழும். விழுந்த கல்லோடு பாதித் துளை போய்விடும், மீதிப் பாதி சுவரிலேயே நிற்கும். மூங்கிலை நெடுக்கே பிளந்து பதித்த மாதிரி. ஒரு தட்டு வெட்டிக் கீழே இறங்கினால் அடுத்த வரிசைத் தமர். அதனால்தான் கோடு நின்று நின்று தொடங்குகிறது. ஆசிரியை அக்கா சரியாகப் பார்த்திருக்கிறீர்கள்.

அம்மா திரிசூலம் பக்கக் குவாரியில் ஜல்லி உடைத்தவர். அப்பா மேலே தமர் அடிப்பார், அம்மா கீழே. கல் தெறிக்காமல் இருக்கப் பழைய டயரில் அறுத்த வளையத்துக்குள் கல்லை நிறுத்தி, சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். சைஸ் தப்பினால் அந்தக் குவியலுக்குக் கூலி கிடையாது. முழங்கால் போன பிறகு நிறுத்திவிட்டார். நான் படித்ததும் வேலைக்குப் போனதும் அந்தக் குவியல்களால்தான்.

வாட்ஸ்அப்பில் வந்ததை நான் சும்மாதான் படித்துக் காட்டினேன். மறுநாள் தெருமுனை அயர்ன் வண்டிக்காரரிடம் பத்து ரூபாய்க்குக் கரி வாங்கி வைத்திருந்தார். என் பையனின் சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் டம்ளர் வைத்து, இரண்டு நாள் மத்தியானம் உட்கார்ந்தார். ரப்பரும் பையனுடையதுதான். மலை எங்கேம்மா என்றேன். இதுதான் என்றார். தூரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வரையலாமே என்றதற்கு, "நான் எங்க தூரத்துல நின்னு பாத்தேன்?" என்று கேட்டார்.

மேலே இருக்கும் அந்த வெள்ளைதான் வானம். குழிக்குள் வெயில் லேசில் இறங்காது. எந்தத் தமர் வரை வெயில் வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சாப்பாட்டு மணி என்பார். படத்தில் வெயில் இன்னும் முதல் வரிசைக்கே வரவில்லை. காலை நேரம்.

தலைப்பு என்ன போட என்று கேட்டேன். மலைன்னு போடு என்றார்.

பின்சுவரில் மாட்டியதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சண்டை போட வேண்டாம்.

---

ஜல்லி லாரி · ஞாயிறு, இரவு 10:44

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க தங்கச்சி. அந்தப் பக்கம் நான் லோடு ஏத்தாத குவாரி இல்லை. அம்மா உடைத்ததை நான் ஏத்தியிருப்பேன்.

---

கமிட்டியில் ஒருவன் · திங்கள், காலை 8:00

ராத்திரி தூங்கவில்லை. புதன்கிழமை மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது. செவ்வாய் இரவே எல்லாப் படத்தையும் கழற்ற வேண்டும், வியாழன் மாலை திரும்ப மாட்டுவோம். ஞாயிறு வரை நீட்டித்திருக்கிறோம். உங்கள் அம்மாவை வியாழன் அழைத்து வர முடியுமா? எங்கே மாட்டுவது என்று அவரே சொல்லட்டும். வாடகை கொடுத்தவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆட்டோ அனுப்புகிறேன். மாடிப்படி 22, கைப்பிடி உண்டு.

---

நீர்வண்ணம் · திங்கள், காலை 8:25

கழற்றும்போது அந்தப் படத்தைச் சுருட்டாதீர்கள், தயவுசெய்து. கரி உதிரும். தட்டையாக வைத்து மேலே டிரேசிங் பேப்பர் போடுங்கள். கரி உதிராமல் பிடித்து நிறுத்தும் ஸ்ப்ரே, ஃபிக்சேட்டிவ், நான் கொண்டுவருகிறேன். கடையில் கிடைக்காவிட்டால் ஹேர் ஸ்ப்ரே, ஒரு கை தள்ளி நின்று லேசாக. ஆனால் அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான். அடித்தால் கறுப்பு இன்னும் கொஞ்சம் கூடும்.

---

திரிசூலம் பாஸஞ்சர் · வியாழன், இரவு 9:55

மாட்டியாயிற்று. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆறு மணிக்கு வந்தார்கள். அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார். மேலே வந்ததும் யாரிடமும் பேசாமல் ஒரு சுற்று சுற்றினார். ஆறும் படகும் உள்ள பச்சை மலை ஒன்றின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "இது எந்த ஊர் மலை, நல்லா இருக்கே?" என்றார். நம்ம மலைதான் என்றேன். சிரித்தார். வரைந்த பெண் பக்கத்திலேயே நின்றாள். அவள் கன்னத்தைத் தொட்டு, "தண்ணி விட்டியே, அதுவே பெருசு" என்றார். ஆசிரியை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலுக்கு எதிரே மாட்டலாம் என்று கமிட்டி சார் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஃபேன் காற்று அங்கே நேராக அடிக்கிறது, தூள் பறக்கும், அடுத்த படம் அழுக்காகும் என்றார். ஸ்ப்ரேயும் வேண்டாம் என்றுவிட்டார், வாசனை பிடிக்கவில்லை. கடைசியில் அந்த ரயில் ஜன்னல் படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கம்பியும் தமரும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் நெட்டுக்கோடு. மாட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே ஒரு நிமிஷம் எது எதில் முடிகிறது என்று தெரியவில்லை.

மற்ற ஐந்து குழிகளும் முன்சுவருக்கே திரும்பிவிட்டன. வாடகை கொடுத்தவர் வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. காபி கேட்டார்.

இன்று காலை ரயிலில் இடது பக்கம் பார்த்துக்கொண்டே போனேன். திரிசூலம் ஸ்டேஷன் விட்டு வண்டி கிளம்பும்போது, வீடுகளுக்கு மேலே வெட்டிய பாறை கொஞ்ச நேரம் தெரியும். வெயில் சாய்வாக விழுந்திருந்தது. கோடு கோடாக நின்றது. வண்டி வேகம் எடுப்பதற்குள் பதினொன்று எண்ணினேன்.

---

பாறைப் பைத்தியம் · வியாழன், இரவு 10:20

ஞாயிறு காலை ஆறரைக்குப் பரங்கிமலை அடிவாரத்தில் நிற்கிறேன். தோலும் சதையும் எங்கே எப்படித் தெரிகிறது என்று காட்டுகிறேன். வருகிறவர்கள் தொப்பி, தண்ணீர், வேண்டுமானால் வரைபுத்தகம். முடித்துவிட்டுக் கண்காட்சி. டிராஃப்ட்ஸ்மேன் சார் பைனாகுலர் எடுத்து வரவும்.

---

ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் · வியாழன், இரவு 10:31

ஏற்கனவே துடைத்து வைத்தாயிற்று.

---

வாசகி மட்டும் · வியாழன், இரவு 11:00

அம்மாவும் வருகிறாராம். மேலே ஏற மாட்டார், அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பார். நீலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் புதிதாக உடைத்தால்தானே தெரியும், சுத்தியல் எடுத்து வரவா என்று கேட்கிறார்.

---

பாறைப் பைத்தியம் · வியாழன், இரவு 11:04

ஐயோ வேண்டாம் அக்கா! அது நினைவுச்சின்னம். ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

---

வாசகி மட்டும் · வியாழன், இரவு 11:12

சொன்னேன். "இப்ப சொல்றாங்களா?" என்றார். அப்புறம் யோசித்துவிட்டு, சரி, எங்கள் வீட்டு வாசற்படிக்குக் கீழே அந்தக் காலத்தில் தானே கொண்டுவந்து போட்ட ஒரு சக்கைக் கல் இருக்கிறதாம், அதில் ஒரு தட்டு தட்டி எடுத்து வருகிறேன் என்கிறார்.